வாலில்லாத குருவி

முதலில் லென்ஸில்தான் பிழை என்று நினைத்தேன்.

மே மாத நடுப்பகுதி. ரொறன்ரோவுக்கு வடக்கே, யூனியன்வில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில், சமையலறைக் கதவுக்கு எதிரே ஒரு சீனித்தண்ணீர்ப் போத்தல் தொங்கும். எங்களுக்கு முன் இருந்தவர்கள் கழற்றாமல் விட்டுப்போனது. போத்தலின் அடியில் சிவப்புப் பிளாஸ்டிக் பூக்களும், குருவி குந்துவதற்கு ஒரு மெல்லிய வளையமும் இருக்கும். ஒரு பங்கு சீனிக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டுக் காய்ச்சி, ஆறவைத்து ஊற்றினால் ஹம்மிங்பேர்ட்கள் வரும். ஊரில் நாங்கள் பார்த்த தேன்சிட்டைவிடச் சின்னது. செட்டை அடிக்கும் வேகத்தில் செட்டையே தெரியாது. இரைச்சல் மட்டும் கேட்கும். ஆண் குருவியின் முதுகு பச்சை; தொண்டை பார்க்கக் கறுப்பாக இருக்கும். வெளிச்சம் ஒரு கோணத்தில் பட்டால் மட்டும் திடீரென்று சிவக்கும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் நான் கதவடியில் முக்காலி போட்டுக் காத்திருப்பேன்.

நான் ஸ்காபரோவில் படம் கழுவும் கடையொன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். மற்றவர்களின் பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்தியவீடுகளும் கல்யாணங்களும் பிறந்தநாள் கேக்குகளும் நாள் முழுக்க என் கையால் ஈரமாக வெளியே வரும். என் கணவர் பாலன் ஒரு பழைய கமெராவும் நீள லென்ஸும் வாங்கித் தந்தபோது, நான் எடுக்க விரும்பியது மனிதர் யாரும் இல்லாத படங்களைத்தான்.

அன்று அந்த வருடத்தின் முதல் ஆண் குருவி வந்து வளையத்தில் குந்தியது. வலது கண்ணை வியூஃபைண்டரில் வைத்து, குருவியின் தலை கூராகத் தெரியும்வரை லென்ஸைத் திருகினேன். தலை தெரிந்தது, தொண்டை தெரிந்தது. வயிற்றுக்குக் கீழே ஒன்றும் இல்லை. வளையமும் இல்லை. மண்ணிற மூட்டம் ஒன்று கீழிருந்து எழும்பி நின்றது. லென்ஸைத் துடைத்தேன். வேறு லென்ஸ் மாட்டினேன். மறுநாள் கடையில் கமெரா திருத்துகிறவரிடம் கொடுத்தேன். அவர் அங்குமிங்கும் திருப்பிப் பார்த்துவிட்டு, கமெராவில் ஒன்றும் பிழையில்லை என்று திருப்பித் தந்தார்.

கடையில் நின்றபடியே இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஆறு என்ற இலக்கத்தைக் காணவில்லை.

*

குடும்ப டொக்டர் என்னைக் கண் டொக்டரிடம் அனுப்பினார். கண் டொக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டு, ரொறன்ரோ நகரத்துக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்போதே தொலைபேசி எடுத்தார். அவர் எங்கள் முன்னால் எடுத்த விதத்திலேயே பாலனின் முகம் மாறிவிட்டது.

அந்த ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் காத்திருப்பவர்கள் எல்லோருக்கும் கண்ணில் துளிமருந்து விட்டிருப்பார்கள். கண்மணி அகன்று, வெளிச்சம் கூசி, எவராலும் எதையும் வாசிக்க முடியாது. சஞ்சிகைகள் அடுக்கினபடியே கிடக்கும். அங்கேதான் றஷீட் நானாவைச் சந்தித்தேன். மன்னாரில் தையற்கடை வைத்திருந்தவர். இங்கே டோர்செட் பார்க்கில் மாடிக் குடியிருப்பொன்றில் மனைவியோடு இருந்தார். நானும் பாலனும் பேசுவதைக் கேட்டு அவராகவே திரும்பினார்.

"தங்கச்சிக்கு என்ன வருத்தம்?"

"இன்னும் சொல்லேல்லை."

"எனக்குச் சீனி வருத்தம். கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதாம். லேசர் அடிக்கிறாங்க. ஒவ்வொரு முறை அடிச்ச பிறகும் கொஞ்சம் இருட்டாத்தான் வீட்ட போறன்."

குருவிப் படம் எடுக்கும்போது கண்டுபிடித்த கதையைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். "நீங்க குருவிக்குச் சீனி குடுக்கிறீங்க. எனக்கு டொக்டர் சீனியத் தொடாத எண்டுறார்," என்றார். அவருடைய மனைவி அவர் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். அன்று நாங்கள் சிரித்தது அவ்வளவுதான்.

பரிசோதனைகள் நோகவில்லை. மூடிய இமைமேல் குளிர்ந்த பசையைப் பூசி, பேனை போன்ற கருவியால் தடவி, ஒலி அலைகளால் கண்ணின் உட்புறத்தை அளந்தார்கள். பிறகு கையில் மஞ்சள் சாயம் ஒன்றை ஊசியால் ஏற்றி, அது கண்ணின் இரத்தக் குழாய்களுக்குள் ஓடுவதைப் படமாக எடுத்தார்கள். ஃபிளாஷ் மாறி மாறி வெட்டியது. அன்று முழுக்க என் தோல் மஞ்சளாக இருந்தது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனது. மகள் துஷா பார்த்துவிட்டு, "அம்மா, நீங்கள் ஃபுல்லா மஞ்சள் கலர்," என்றாள். அவளுக்குப் பத்து வயது. கண்ணில் ஒரு சின்னச் சோதனை, ஒண்டுமில்லை என்று பாலன் அவளுக்குச் சொன்னார்.

பெரிய டொக்டர் மெலிந்த, மெதுவாகப் பேசும் மனிதர். என் கண்ணுக்குள் எடுத்த படங்களை மேசையில் பரப்பினார். தோடம்பழச் செம்மஞ்சள் நிறத் தரையில் காளான் போல ஒரு கபில மேடு. என்னையறியாமல் முதலில் நான் நினைத்தது, நல்ல எக்ஸ்போஷர், நல்ல கூர்மை என்பதுதான். பிறகுதான் அது என்னவென்று மூளைக்கு எட்டியது.

அவர் விளக்கினார். விழித்திரைக்குப் பின்னால் கண்ணுக்கு நிறம் கொடுக்கும் கலங்கள், செல்கள், ஒரு படலமாக உண்டு. தோலில் மச்சத்தை உண்டாக்கும் அதே வகைக் கலங்கள். அவற்றில் புற்றுநோய் வந்திருக்கிறது. கண்ணுக்குள் படம் தலைகீழாக விழுவதால், கட்டி மேற்சுவரில் இருக்க, எனக்குக் கீழ்ப்பாதி மறைகிறது. கமெராவும் அப்படித்தான் என்பதால் அது எனக்கு உடனே விளங்கியது. எங்களைப் போன்ற கறுத்தத் தோல் உள்ளவர்களுக்கு இது வருவது மிகவும் அரிது என்றும் சொன்னார். அது ஆறுதலா, என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

"வெய்யிலுக்குள்ள கமெராவால பாத்ததாலையோ?" என்று பாலனைக் கொண்டு கேட்பித்தேன். இல்லை என்றார். எதனால் என்று யாருக்கும் தெரியாது என்றார்.

கட்டி சிறிதாக இருந்தால், கதிர்வீச்சுத் தகடு ஒன்றைக் கண்ணோடு தைத்துவைத்துச் சுட்டுவிடலாம். என்னுடையது அதற்கும் பெரிது. கண்ணை எடுக்கவேண்டும். விட்டால் இரத்தத்தோடு ஈரலுக்குப் போகும். ஈரலுக்குப் போய்விட்டால் செய்ய அதிகம் இல்லை. எடுத்தாலும், ஏற்கனவே போயிருக்கமாட்டாது என்று அவரால் உறுதி சொல்ல முடியாது.

என் இங்கிலீஷ் கடைக்குப் போதும். இந்த மாதிரிப் பேச்சுக்குப் போதாது. பாலன்தான் இடையில் நின்று மொழிபெயர்த்தார். நான் அவரிடம் சொன்னேன்: "செப்ரெம்பரிலை செய்யேலுமோ எண்டு கேளுங்கோ. குருவியள் குளிருக்குத் தெற்குப் பக்கம் போனாப் பிறகு."

பாலன் என்னைப் பார்த்தார். பிறகு டொக்டரிடம் திரும்பி, இவ பயப்படுகிறா என்று மட்டும் இங்கிலீஷில் சொன்னார். அந்தளவு எனக்கு விளங்கியது.

காருக்குள் ஏறியும் அவர் காரை எடுக்கவில்லை.

"நீர் உண்மையா அந்தக் குருவிக்காகத்தான் கேட்டனீரோ?"

"ஓம்."

"ஒரு குருவிக்கு."

அது குருவிக்கு மட்டுமல்ல. இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருடம் அடித்தள வீடுகளிலும் கடையின் பின்னறையிலும் இருந்தபின், நான் எனக்கென்று பார்க்கப் பழகியது அந்த ஒரு கண்ணால்தான். ஒரு கோடைகாலமாவது அது என்னோடு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"எனக்கு நீர் முழுசாத் தேவையில்லை," என்றார் பாலன், ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு. "இருந்தாச் சரி."

ஜூன் கடைசியில் நாள் குறித்தார்கள்.

*

அதுவரை இருந்த நாட்களில் வேலையால் வந்ததும் கதவடியில் போய் இருந்தேன். வலது கண்ணால் ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும். தொண்டை சிவக்கும் அந்தக் கணம். ஆண் குருவி போத்தலைத் தன் சொத்தாக்கி வைத்திருந்தது. வேறு குருவி கிட்ட வந்தால் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்து துரத்தும். நான் கமெராவைக் கொஞ்சம் கீழே சரித்து, குருவி மூட்டத்துக்குள் மறையாதபடி சட்டத்தின் மேற்பாதியில் வைத்துப் பார்த்தேன். மூட்டம் ஒவ்வொரு நாளும் ஏறுவதுபோல இருந்தது. நேர்கோடுகள் வளையத் தொடங்கின. போத்தல் கோணலாகத் தெரிந்தது. ஒரு மாலை வெய்யில் வேலிக்கு மேலால் சாய்ந்து விழ, அது தலையைத் திருப்பியது. தொண்டை பற்றி எரிந்ததுபோல் சிவந்தது. றோல் முடியும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

அந்த றோலை நானே கழுவினேன். ஒரு படமாவது கூராக இல்லை. ஒவ்வொன்றிலும் குருவி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பச்சைக் கறை. பின்னால் இருந்த வேலிப்பலகை மட்டும் ஆணி தெரியத் துல்லியமாக இருந்தது. கூர் பிடிக்கிற கண்ணே பழுதாகியிருந்தால் கை என்ன செய்யும்.  நான் அத்தனையையும் குப்பைக்கூடையில் போட்டேன்.

*

சத்திரசிகிச்சை நாள் காலையில் என்னைச் சந்தித்த ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பதிவு செய்த பெண், இரத்த அழுத்தம் பார்த்த தாதி, மயக்கமருந்து கொடுக்கும் டொக்டர், கட்டிலைத் தள்ளிப்போனவர். எந்தக் கண்? பிழையான கண்ணை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு தடவையும் நானே என் வாயால், வலது, வலது என்று சொல்லவேண்டியிருந்தது. கடைசியாகப் பெரிய டொக்டர் வந்து, அவரும் கேட்டு, பேனையால் என் வலது புருவத்துக்கு மேல் ஓர் அம்புக்குறி கீறினார். பாலன் மறுபக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கண்ணை எடுத்தபின், கண்ணை அசைக்கும் தசைகளை ஒரு சிறு உருண்டையில் தைத்துவிடுவார்கள். அந்த உருண்டையைப் பவளப்பாறையிலிருந்து செய்கிறார்கள். அதற்குள் இரத்தக் குழாய்கள் வளர்ந்து பிடித்துக்கொள்ளுமாம். மேலே தோலை மூடி, இறுக்கமான கட்டு. விழித்தபோது முகத்தின் ஒரு பக்கத்தில் கல்லை வைத்துக் கட்டியதுபோல் இருந்தது. வாந்தி வந்தது. வாந்தி எடுக்கும்போது அந்தக் குழி முழுவதும் அதிர்ந்தது. பிலிப்பீன் நாட்டுத் தாதி ஒருத்தி என் நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டாள். அவள் சொன்னதொன்றும் எனக்கு விளங்கவில்லை. அந்தக் கை போதுமாக இருந்தது.

விசித்திரம் என்னவென்றால், இல்லாத கண் பார்த்தது. கட்டுக்குள்ளே, இருட்டில், ஊதா நிறப் பொறிகள் பறந்தன. பாலனைக் கொண்டு தாதிக்குச் சொல்வித்தேன். அது சிலருக்கு வரும், நரம்புக்குத் தான் அறுந்தது இன்னும் தெரியாது என்றாள்.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. அவ அப்போது சண்டையால் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் எங்கோ ஒரு கொட்டிலில் இருந்தா. சொல்ல நினைத்தாலும் சொல்ல வழி இருக்கவில்லை. அதற்காக நான் நிம்மதிப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து கட்டு அவிழ்த்த அன்று, கண்ணாடி முன் நின்று பார்த்தேன். இமைக்குள்ளே இளஞ்சிவப்பாக, வாயின் உட்புறம்போல ஒரு ஈரமான தசை. தெளிந்த பிளாஸ்டிக் வில்லை ஒன்று அதை மூடியிருந்தது. குளியலறைக் கதவைப் பூட்ட மறந்துபோனேன். துஷா வாசலில் நின்றாள். கட்டுக்குக் கீழே கண் இருக்கிறதென்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

"அப்பா," என்று கூப்பிட்டாள், என்னை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அம்மாவின்ர ஐ எப்ப திரும்பி வரும்?"

"வரும், வரும்," என்றார் பாலன் பின்னாலிருந்து. "நீ போய் ரிவி பார்."

*

பார்க்க வந்தவர்கள் புட்டும் சொதியும் மீன்குழம்பும் கொண்டுவந்தார்கள். குளிர்சாதனப்பெட்டி நிரம்பி வழிந்தது. பாலனின் தூரத்து உறவான கமலா அன்ரி மார்க்கம் நகரின் அடுத்த பக்கத்திலிருந்து வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தா. போகும்போது சொன்னா: "உந்தக் குருவியளை உத்து உத்துப் பாத்ததாலதான் பிள்ளை. நான் அப்பவே பாலனுக்குச் சொன்னனான்."

"இல்லை அன்ரி. டொக்டர் அப்பிடி இல்லையெண்டவர்."

"அவங்களுக்கு என்ன தெரியும்."

அவ போனபின் பின்வளவைப் பார்த்தேன். போத்தல் வெறுமையாகத் தொங்கியது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது யாருக்கும் அந்த நினைவு வரவில்லை, வரவேண்டுமென்றும் இல்லை.

ஒரு கண்ணால் பார்க்கும்போது தூரம் தெரியாது. எது கிட்ட, எது எட்ட என்று மூளை ஊகிக்கத்தான் வேண்டும். நான் தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினேன். கதவு நிலையில் வலது தோள் இடித்து இடித்துக் கன்றியது. படிக்கட்டில் கடைசிப் படி இருக்கிறதா இல்லையா என்று காலால் தடவினேன். சீனித்தண்ணீரைப் போத்தல் வாய்க்குள் விடப்போய்க் கையெல்லாம் பிசுபிசுத்தது.

ஒரு ஞாயிறு காலை நான் கீழே இறங்கி வந்தபோது பாலன் சமையலறையில் நின்றார். துவாய் ஒன்றைத் தலையைச் சுற்றிக் கட்டி வலது கண்ணை மூடியிருந்தார். கேத்தலிலிருந்து கோப்பைக்குள் சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையெல்லாம் தண்ணீர். பிறகு கேத்தலின் மூக்கைக் கோப்பை விளிம்பில் முட்டவைத்து, மெதுவாகச் சரித்தார். சிந்தவில்லை. நான் சத்தம் போடாமல் மேலே திரும்பிப் போனேன்.

அன்று பின்னேரம் நான் தேத்தண்ணி போடும்போது, "மூக்கை விளிம்பிலை முட்ட வைச்சு ஊத்தும்," என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். "அப்ப சிந்தாது."

*

இலையுதிர் காலத்தில் செயற்கைக் கண் செய்பவரிடம் போனோம். காயம் ஆறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குழியை அச்செடுத்து, அதற்கேற்ப மெல்லிய ஓடுபோல ஒன்றைச் செய்து, என்னை ஜன்னல் வெளிச்சத்தில் இருத்தி, இடது கண்ணைப் பார்த்துப் பார்த்துத் தூரிகையால் நிறம் தீட்டினார். என் கண் கறுப்பு என்றுதான் நான் வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தேன். அவர் எடுத்த நிறங்களில் கபிலம் இருந்தது, தேன் நிறம் இருந்தது, ஓரத்தில் ஒரு சாம்பல் வளையமும் இருந்தது. இரத்த நாளங்களுக்குச் சிவப்புப் பட்டுநூலின் இழைகளைப் பிரித்துப் பதித்தார்.

வீட்டுக்கு வந்ததும் துஷா கிட்ட வந்து பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம் வந்ததுபோலத்தான் இருந்தது. பிறகு தன் கையை என் வலப்பக்கத்தில் ஆட்டிக் காட்டினாள். சட்டைக்கை உரசும் சத்தம் மட்டும் கேட்டது, கை எனக்குத் தெரியவில்லை. அவள் கையைக் கீழே போட்டுவிட்டு மேலே போனாள்.

அடுத்த மே மாதத்தில் இடது கண்ணால் படமெடுக்கத் தொடங்கினேன். கமெராக்கள் வலது கண்காரருக்காகச் செய்யப்பட்டவை. இடது கண்ணை வைத்தால் மூக்கு பின்மூடியில் நசியும்; ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோல் ஒவ்வொரு படத்துக்கும் நெற்றியில் குத்தும். வலப்பக்கத்திலிருந்து வரும் குருவி எனக்கு இரைச்சலாக மட்டும் வரும், திரும்புவதற்குள் போய்விடும். அந்தக் கோடையில் தேறியது ஒரு பெண் குருவியின் படம். பெண்ணுக்குத் தொண்டை சிவக்காது. வெள்ளையும் சாம்பலுமாக, நாக்கை வெளியே நீட்டியபடி இருந்தது. படத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறு மாதத்துக்கொரு தடவை இரத்தமும் ஈரலும் பார்க்க வேண்டும்.

காத்திருக்கும் இடத்தில் றஷீட் நானா மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். நான் பேசியதும் குரலை வைத்துக் கண்டுகொண்டார்.

"குருவிக்காரத் தங்கச்சியா? படம் கொண்டுவந்தீங்களா?"

கொடுத்தேன். அவர் அதை முகத்தோடு ஒட்டிவைத்து, சாய்த்து, மறுபடி ஒட்டிவைத்தார்.

"வெளிச்சம் தெரியுது," என்றார். "படம் தெரியல்ல." பிறகு விரல்களால் தாளின் விளிம்பைத் தடவித் திருப்பித் தந்தார். "நல்ல தாள்."

அவர் மனைவி அதை வாங்கி நீண்டநேரம் பார்த்தார். அவர்களை நான் அதற்குப் பிறகு அங்கே காணவில்லை.

*

சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்ததோடு சேர்த்து, மூன்று ஸ்கானில் ஒன்றும் இல்லை. நாலாவது இந்தத் தையில் எடுத்தது. ஈரலில் ஒரு புள்ளி. இரத்தக் குழாய்கள் முடிச்சுப்போட்ட தீங்கில்லாத பொட்டாக இருக்கலாம். பலபேருக்கு அது இருக்கும், தெரியாமலே வாழ்ந்துவிடுவார்கள். மற்றதாகவும் இருக்கலாம். ஊசி குத்திப் பார்க்க மிகவும் சிறிது. சித்திரையில் திரும்ப எடுத்து, வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றார் டொக்டர். அவர் கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்துச் சொன்னார். அதற்காக அவர்மேல் மரியாதை வந்தது.

இதை எழுதுவது அந்த இடைவெளியில்தான். இந்த நோய் எங்கள் ஆட்களுக்கு வராது என்று நினைத்து யாராவது கண்ணில் மூட்டத்தோடு இருந்தால், ஒருக்கால் ஒரு கண்ணைப் பொத்தி மற்றதால் சுவரைப் பாருங்கள். அதற்காகத்தான் எழுதத் தொடங்கினேன்.

போன கிழமை நான் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது துஷா வந்து கட்டிலில் இருந்தாள். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

"அப்பா ஃபோனில கதைச்சதைக் கேட்டனான். லிவரிலயும் இருக்கா?"

ஒண்டுமில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் கையை உயர்த்தினாள்.

"ஒண்டுமில்லை எண்டு சொல்லாதேங்கோ அம்மா. ப்ளீஸ். போன முறையும் அப்பிடித்தான் சொன்னீங்கள்."

மடித்த சட்டையைக் கீழே வைத்தேன். "ஒரு புள்ளி இருக்கு. என்னெண்டு தெரியாது."

"டொக்டருக்கும் தெரியாதா?"

"அவருக்கும் தெரியாது."

"நெக்ஸ்ட் இயர் நீங்கள் இருப்பீங்களா?"

"தெரியாது பிள்ளை."

அவள் அழவில்லை. கொஞ்சநேரம் தன் காலுறையின் நுனியை இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஓகே. அடுத்த ஸ்கானுக்கு நானும் வாறன்," என்றாள்.

அன்றிரவு பாலன் ஸ்கான் நாளுக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவுக் கடிதம் எழுதினார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தார். துஷா வாசித்துப் பார்த்துவிட்டு அதைக் கிழித்தாள். தகப்பன் முன்னால் புதிய தாள் ஒன்றை வைத்துப் பேனையைக் கையில் கொடுத்தாள். அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.